வரிசையில் நின்றால் மிஸ்

வெளிநாட்டில் போய் இறங்கிய கையோடு, பெற்ற பிள்ளைகளே அவளைக் கவிழ்த்துவிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த விமான நிலைய அதிகாரி தங்கமான மனிதர். குழந்தைகளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்கு, சின்னவனைப் பார்த்து அவன் பக்கத்தில் நின்றவளைப் பேனாவால் சுட்டிக்காட்டி, ‘இது யாரு?’ என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

சின்னவன் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். “மிஸ்” என்றான்.

அதிகாரியின் பற்கள் பாதி மறைந்தன. பெரியவளைப் பார்த்துப் பேனாவைத் திரும்பவும் நீட்டினார். அவளும் கையைக் கட்டிக்கொண்டாள். “மிஸ்” என்றாள்.

மீதிப் பற்களும் மறைந்தன. பாஸ்போர்ட்டில் தாய் என்று போட்டிருக்கிறது, குழந்தைகளோ பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி நிற்கிறார்கள். எந்த நாட்டு அதிகாரிக்குத்தான் சந்தேகம் வராது? நால்வரையும் ஓரமாக ஓர் அறைக்குள் உட்காரவைத்தார்கள். அவளுடைய கணவர்தான் செல்போனைத் திறந்து, ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று எடுத்த படத்திலிருந்து வரிசையாகக் காட்டி, அவள்தான் அம்மா என்பதை நிரூபித்தார். வெளியே வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்டா, அம்மான்னு சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துடுமா?”

சின்னவன் முழித்தான். பெரியவள் முன்னால் வந்தாள். “ஸ்கூல்ல மிஸ், வீட்ல அம்மான்னு நீங்கதானே சொன்னீங்க? இது வீடா? இல்லல்ல. வரிசையில வேற நின்னோம். வரிசைன்னா மிஸ்தானே?”

பெரியவளுக்கு ‘வக்கீல்’ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். சின்னவனுக்குப் ‘பொட்டலம்’ என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து போர்வையில் இறுக்கிச் சுற்றி மூக்கு மட்டும் தெரிய எடுத்து வந்தபோது அவன் அப்பா வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவளை மிஸ் என்றே சொல்லிவிடலாம். பால்காரர், பலசரக்குக் கடைக்காரர், மாடிவீட்டுக்காரர் எல்லோருக்கும் அவள் மிஸ்தான். சமயத்தில் ஸ்டூடியோக்காரரே குறும்புக்கு, “மிஸ், காபி கிடைக்குமா?” என்பார், கிடைக்காது.

மிஸ் ஒரு மழலையர் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். வக்கீலை அதே வகுப்பில் சேர்த்த முதல் நாள், அது “அம்மா!” என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்த மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஒன்று தொடங்க, பின்னோடு வகுப்பே வீறிட்டு அழ, தலைமையாசிரியை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அன்றைக்கு மிஸ் சட்டம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் அம்மா கிடையாது, மிஸ்தான். அப்புறம் வந்த பொட்டலத்துக்கும் அதே சட்டம்.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. கொஞ்ச நாளில் வீட்டிலும் மிஸ், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் மிஸ். போன மாதம் பொட்டலத்துக்குக் காய்ச்சல். அனலாய்க் கொதிக்கிற உடம்போடு படுத்திருந்தவன், ஒற்றைக் கையை மேலே தூக்கி, அவள் ‘சொல்லு’ என்கிற வரைக்கும் காத்திருந்து, “மிஸ், வாந்தி வருது” என்றான். அவனைத் துடைத்துச் சட்டை மாற்றிவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிஸ் அழுதாள்.

“பள்ளிக்கூடமே கண்ணுல படாத ஊருக்குப் போவோம்” என்றார் ஸ்டூடியோக்காரர். “அங்க நீ யாருன்னு யாருக்கும் தெரியாது. தானா அம்மா ஆயிடுவே, பாரு.” அதற்குத்தான் இந்தப் பயணம். அந்த ஊரின் அழகு, கோபுரம், நதி எல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். திரும்பி விமானம் ஏறுவதற்குள் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளைகள் வாயால் அம்மா என்று கேட்டுவிட வேண்டும்.

ஆனால் ஊர் அவளைக் கைவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் வரிசைக்கென்றே பிறந்தவர்கள். பஸ்ஸுக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை, ஹோட்டல் லிஃப்ட்டுக்கு வரிசை. கழிப்பறைக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். ஒவ்வொரு வரிசையிலும் இந்த இரண்டும் தோளுக்கு ஒரு கை இடைவெளி விட்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு, சிலை மாதிரி நின்றன. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்து மெச்சினார்கள். மிஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் ஸ்டூடியோக்காரர் கூத்து. வாழ்நாளெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுத்தே பழகிய கை. உலகமே அண்ணாந்து பார்க்கிற கோபுரத்தின் எதிரே நின்றுகொண்டு, வெள்ளைச் சுவர் எங்கே என்று தேடினார். கிடைத்ததும் மூவரையும் ஒவ்வொருவராக அதன்முன் நிறுத்தி, “தாடையைத் தூக்கு. சிரிக்காதே. ரெண்டு காதும் தெரியணும்” என்றார். அவர் எடுத்த படங்களில் முகம் இருந்தது, காது இருந்தது, ஊர் மட்டும் இல்லை.

“இதை நம்ம வீட்டுச் செவுத்துலயே எடுத்திருக்கலாமே” என்றாள் மிஸ்.

“வெளிச்சம் வேறம்மா. வெளிநாட்டு வெளிச்சம்” என்றார் அவர்.

ஒருநாள் காலையில், ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டி வாட்டுகிற மெஷினுக்கு முன்னால் பொட்டலம் திரும்பிப் பார்த்து, “மிஸ், இந்த அங்கிள் வரிசையில பூந்துட்டாரு” என்று ஒரு தாடிக்காரரைக் கை காட்டினான். மிஸ்ஸுக்குத் தாளவில்லை. தட்டை டக்கென்று வைத்தாள்.

“இன்னைக்கு முழுக்க வரிசை கிடையாது. எங்க வரிசை இருந்தாலும் அந்தப் பக்கமே போகப் போறதில்ல. யாரும் கை கட்டக் கூடாது. வாயில விரல் வைக்கக் கூடாது. யாரைப் பத்தியும் யாரும் புகார் சொல்லக் கூடாது. ஜாலியா இருக்கணும்!”

“எல்லாம் ரூல் மாதிரியே இருக்கே, மிஸ்?” என்றாள் வக்கீல்.

நகரத்தின் நடுவில் ஒரு பெரிய சதுக்கம் இருந்தது. அங்கே வரிசை போட வழியே இல்லை. கல் பாவிய தரையில் ஆங்காங்கே ஓட்டைகள், எந்த ஓட்டையிலிருந்து எப்போது தண்ணீர் பீறிடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கணம் ஒன்றும் இருக்காது, மறுகணம் புஸ்ஸென்று ஆளுயரத்துக்கு எழும்பும். பிள்ளைகள் முதலில் ஓரமாக நின்றன, பழக்கதோஷம். மிஸ்தான் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே குதித்தாள். அவள் காலடியிலேயே தண்ணீர் பீய்ச்சியடித்து மூக்கில் ஏறியது. அவள் போட்ட கூச்சலில் ஒரு கூட்டம் புறா பறந்தது.

அவ்வளவுதான், பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வாங்கிக் கொடுத்த மஞ்சள் ஜாக்கெட்டோடு தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். பளீரென்ற மஞ்சள், கூட்டத்தில் தொலைந்தாலும் கண்ணில் படட்டும் என்று மிஸ் தேடிப் பிடித்து வாங்கியது. மூவரும் ஓடினார்கள், வழுக்கினார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மிஸ்ஸின் செருப்பு ஒன்று தண்ணீரோடு எங்கேயோ போயிற்று. போகட்டும் என்று தண்ணி தெளித்து விட்டுவிட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பொட்டலம் தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். வாயைத் திறந்தான்.

“அம்...”

புஸ்ஸென்று தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது. கிறீச்சிட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

அந்த அரை வார்த்தைக்கே மிஸ்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. வந்துவிடும், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முழுசாக வந்துவிடும். ஓரத்துக்கு வந்து, இரண்டு கையாலும் கூந்தலைப் பிழிந்துகொண்டே கணவரைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கொஞ்சம் தள்ளி, ஒரு கட்டிடத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வக்கீலை நிறுத்தி, காதை மறைத்த ஈர முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மிஸ் திரும்பினாள். தண்ணீர் எழும்பியது, அடங்கியது. பொட்டலத்தைக் காணவில்லை.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். தூணுக்குப் பின்னால் பார்த்தாள், பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். அப்புறம் கணவர் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“என்னங்க! பொட்டலத்தைக் காணோம்!”

ஸ்டூடியோக்காரர் போனும் கையுமாக ஓடி வந்தார். சதுக்கத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினார்கள். தூரத்தில் பளீரென்று ஒரு மஞ்சள் தெரிந்தது. மிஸ் பாய்ந்து போய்ப் பார்த்தால், குழிக்குள் குனிந்து குழாய் பதித்துக்கொண்டிருந்த தொழிலாளி. அவர் திடுக்கிட்டு நிமிர, அவள் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள்.

வக்கீல் மட்டும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நெளிந்துகொண்டு நின்றாள். வகுப்பில் எத்தனை முகம் பார்த்தவள் மிஸ். தொண்டையில் ஏதோ வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிற முகம் எது என்று அவளுக்குத் தெரியாதா?

“நீ பார்த்தியாடி?”

வக்கீல் தலையை ஆட்டினாள்.

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

“நீங்கதானே யாரைப் பத்தியும் புகார் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க!” வக்கீலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஒரு கயிறு போச்சு, மிஸ். நம்ம கயிறு மாதிரியே. அவன் பிடிச்சிட்டுப் போயிட்டான்.”

மிஸ்ஸுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைகளைச் சாலை தாண்டிப் பூங்காவுக்கு அழைத்துப் போக அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நீளக் கயிறு உண்டு. நெடுக வளையம் வளையமாக முடிச்சுப் போட்டிருக்கும். பிள்ளைக்கு ஒரு வளையம். கயிறு வந்தால் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும், பிடித்தால் விடக் கூடாது, மிஸ் சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது. தினம் தினம் அவளே சொல்லிக் கொடுத்தது. அதே போல ஒரு கயிறு இந்த ஊரிலும் இருக்கும், சதுக்கத்தின் ஓரமாக வளையம் ஒன்று காலியாக ஆடிக்கொண்டு போகும் என்று அவள் கண்டாளா? கயிற்றைப் பார்த்ததும் பிள்ளை நல்ல பிள்ளையாகப் போய்ப் பிடித்துக்கொண்டுவிட்டான்.

“எந்தப் பக்கம்?”

“பூக்கடை இருக்குல்ல, அந்தச் சந்து.”

சந்து முனையில் பூக்கடைக்காரி நின்றிருந்தாள். பாஷை தெரியாது. ஸ்டூடியோக்காரர் போனை நீட்டினார். பொட்டலத்தைக் காலையில் எடுத்த படம். முகம் நேராக, தாடை தூக்கி, இரண்டு காதும் தெரிய, பின்னால் வெள்ளைச் சுவர். பூக்கடைக்காரி பார்த்த மாத்திரத்தில் சிரித்து, வாயில் விரலை வைத்துக் காட்டி, சந்துக்குள் கையை நீட்டினாள். இனி வாழ்நாளில் அந்தப் படங்களைக் கேலி செய்வதில்லை என்று மிஸ் ஓடிக்கொண்டே முடிவு கட்டினாள்.

சந்து ஒரு மியூசியத்தின் படிக்கட்டில் போய் முடிந்தது. மிஸ் அங்கே போய் நின்றபோது அவளுக்குக் கண்ணைக் கட்டியது. படிக்கட்டு முழுக்க மஞ்சள். அந்த ஊர் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கயிற்று வளையத்தைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கும் தொலையக் கூடாது என்றுதான் மஞ்சள் போலிருக்கிறது.

வரிசையின் முன்னால் அவர்களுடைய டீச்சர். கழுத்தில் விசில் தொங்க, விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளைக்கு வந்ததும் விரல் நின்றது. தலையைச் சொறிந்துகொண்டு முதலிலிருந்து எண்ணினாள். திரும்பவும் விரல் நின்றது. மிஸ்ஸுக்கு அந்த விரலின் கஷ்டம் நன்றாகப் புரிந்தது. ஒரு பிள்ளை குறைந்தால் என்ன செய்வது என்று எல்லா டீச்சருக்கும் தெரியும், கூடினால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

கூடுதலாக வந்தவன் கடைசி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, வாயில் விரலோடு நின்றான். அந்த வரிசையிலேயே ஒழுங்காக நின்ற ஒரே பிள்ளை அவன்தான்.

மிஸ்ஸுக்குப் போன உயிர் வந்தது. படியேறி ஓடி அவனை வாரியெடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அந்த டீச்சர் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? தலைவிரி கோலமாய், ஒற்றைச் செருப்போடு, மேலெல்லாம் நனைந்து, அழுதுகொண்டு ஒருத்தி வந்து பிள்ளையைப் பிடுங்கினால் மிஸ்ஸும் அதைத்தான் செய்திருப்பாள். நல்ல டீச்சர். அந்த நல்ல டீச்சர் இப்போது குனிந்து பொட்டலத்தின் முகத்தைப் பார்த்தாள். மிஸ்ஸைக் கையால் சுட்டிக்காட்டினாள். ‘இது யாரு?’ என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள்.

விமான நிலையத்தில் கேட்ட அதே கேள்வி. ஆனால் அங்கே வெறும் வரிசைதான் இருந்தது. இங்கே வரிசை, கயிறு, விசில் எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூடமே படியேறி வந்து நிற்கிறது. ஸ்டூடியோக்காரரும் வக்கீலும் சந்தின் பாதியில்தான் வந்துகொண்டிருந்தார்கள், போனும் அவர்களோடு. இந்தப் பிள்ளை இப்போது வாயைத் திறந்து ‘மிஸ்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அந்த வரிசையோடு மியூசியத்துக்குள் போய்விடுவான், அவளைப் போலீஸ்காரர் அழைத்துக்கொண்டு போவார். சட்டம் போட்டவள் அவள்தான். யாரிடம் போய் அழுவது?

பொட்டலம் வாயிலிருந்து விரலை எடுத்தான். ஒற்றைக் கையை மேலே தூக்கினான். அந்த ஊர் டீச்சர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினாள். ‘சொல்லு’ என்றுதானே அதற்கு அர்த்தம்?

“மிஸ்” என்றான் அந்த டீச்சரைப் பார்த்து. “எங்கம்மா வந்துட்டாங்க. நான் வீட்டுக்குப் போகட்டா?”

கயிற்றை யார் நடத்திக்கொண்டு வருகிறார்களோ அவர்கள்தான் மிஸ். கயிறு இன்றைக்கு வேறொருத்தி கையில் இருந்தது.

அந்த டீச்சருக்கு வார்த்தை புரிந்ததோ இல்லையோ, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. விலகி வழிவிட்டாள். அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல் குலுங்கினாள். அவன் அந்த மடியிலிருந்தும் வளையத்தை விடவில்லை, அவனுடைய புது மிஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

“அம்மா” என்றான் அவன், அவள் காலைப் பார்த்துவிட்டு. “நீ ஏன் ஒரு செருப்போட வந்தே?”

‘நீங்க’ போய் ‘நீ’ ஆகியிருந்தது. அவளுக்குத் திரும்பவும் அழுகை வந்தது.

ஸ்டூடியோக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வந்தவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். தாடையைத் தூக்கச் சொல்லவில்லை, காதைத் தேடவில்லை. நின்று நிதானிக்கவும் இல்லை. பிற்பாடு பார்த்தபோது அந்த ஒரு படத்தில்தான் ஊர் இருந்தது. படிக்கட்டு, மஞ்சள் பிள்ளைகள், கயிறு, விசில்காரி எல்லோரும் கொஞ்சம் ஆடிப்போய்த் தெரிந்தார்கள்.

வக்கீல் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு யோசனையாக நின்றாள். “அப்ப இனிமே வரிசையில நின்னாலும் அம்மாவா?”

“ஆமாடி.”

“கயிறு பிடிச்சா?”

“நம்ம ஸ்கூல் கயிறுன்னா மட்டும் மிஸ். மத்த உலகம் பூரா அம்மா.”

வக்கீல் கொஞ்ச நேரம் அதைப் புரட்டிப் பார்த்தாள். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, சரி என்றாள்.

இவ்வளவுக்கும் பிறகு ஐஸ்கிரீம் வாங்கித் தராமல் எப்படி? சந்து முனையில் கடை இருந்தது. கடைக்கு முன்னால் அனுமார் வால் மாதிரி ஒரு வரிசை. அம்மா ஒரு நிமிஷம் தயங்கினாள், அப்புறம் துணிந்து போய் நின்றாள், செருப்பு இல்லாத காலை இருக்கிற கால்மேல் வைத்துக்கொண்டு. பிள்ளைகள் அவளுக்கு முன்னால் நின்றார்கள். கை கட்டவில்லை. இடைவெளியும் விடவில்லை, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. பொட்டலம் வக்கீலின் காலை மிதித்தான். வக்கீல் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அவள் ஈர முடியைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா!” என்று வக்கீல் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். “இவனைப் பாரும்மா!”

புகார் சொல்லக் கூடாது என்ற சட்டம் காலையிலேயே போட்டதுதான். அம்மா அதை அங்கேயே ரத்து செய்தாள். குனிந்து இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டு, “எங்க, முதல்ல இருந்து சொல்லு” என்றாள்.